ரோமம் ரகம் பிரிக்கும் ஆயாவுக்கும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும்

நம் சங்கம் விற்றுக் கொடுத்த என் செம்மறி ரோமத்துக்கு நேற்று மீதிப் பணமும் கணக்கில் ஏறிவிட்டது. ரோமம் வாங்க வியாபாரி வராமல், கையில் பணமில்லாமல் என் பட்டி தவித்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுதவில்லை. நன்றியை மட்டும் சூட்டோடு சூடாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆயாவுக்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களுக்குச் செம்மறி ரோமத்தைக் கட்ட யூரியா சாக்குதான் கிடைக்கும். அதன் பிளாஸ்டிக் இழை நைந்து ரோமத்தில் கலந்துவிடும். நூற்றாலும் போகாது, சாயமும் ஏறாது. சங்கத்தில் எல்லார் ரோமமும் ஒரே குவியல் என்பதால், ஒருவர் மூட்டையில் இருக்கும் இழை மொத்த லோடின் விலையையும் இறக்கிவிடும். என் மூட்டைகளைத் திருப்பி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆயா அனுப்பவில்லை. கோரைப்பாயில் உதறிப் போட்டு, வெளிச்சம் விழும் பக்கமாக உட்கார்ந்து, மின்னுகிற இழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வயிற்று ரோமம், புழுக்கை ஒட்டியது எல்லாவற்றையும் ஒதுக்கி, கறுப்பைத் தனியாகக் குவித்தார். சாயச் செலவு இல்லாததால் கம்பளி நெய்கிறவர்கள் முதலில் கேட்பது கறுப்பைத்தான். கூலி நேரம் முடிந்தும் அவர் எழவில்லை. டீ வாங்கிக் கொடுத்தால், "இதெல்லாம் எதுக்குப்பா" என்றார்.

செயலாளர், எடை போட்ட தம்பி, லாரி பிடித்துக் கொடுத்த மாமா, பட்டியைப் பார்த்துக்கொண்ட பங்காளிகள், எல்லோருக்கும் நன்றி.

ஒரு ஆட்டில் வருஷத்துக்கு ஒரு கிலோகூடத் தேறாது. அதற்காக எந்த வியாபாரி மலையடிவாரம் வரை வருவான்? பத்து ஊர் ரோமம் சேர்ந்து லாரி நிறைந்த பிறகுதான் கர்நாடகத்தில் கம்பளி நெய்கிற சள்ளக்கெரேகாரர்கள் விலை பேசினார்கள். சங்கத்தில் மூட்டை இறக்கியதும் பாதிப் பணம், விற்றதும் மீதி; அந்தப் பாதிதான் என் பட்டியைக் காப்பாற்றியது. கனடாவில் 1918-லேயே செம்மறி வளர்ப்பவர்கள் இப்படி ஒன்றுசேர்ந்து, இன்றும் நடத்துகிறார்களாம், செயலாளர் சொல்வார். அவ்வளவு தூரம் எதற்கு, நம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் 1904-லேயே கடன் சங்கம் வந்துவிட்டது. ரோமத்துக்குத்தான் நாம் இவ்வளவு தாமதம்.

அப்புறம் ஒன்று. சங்கத்தில் எனக்கும் ஒரு ஓட்டு, நூறு ஆடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. ஆயாவுக்கு ஓட்டு இல்லை, ஆடு இல்லாததால் அவர் உறுப்பினர் இல்லை. ரகம் பிரிப்பவர்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்று உறுப்பினர் எல்லாரும் கூடும் அடுத்த பேரவையில் எழுந்து கேட்கப் போகிறேன். விதியில் இடமில்லை என்பீர்கள். துணைவிதியைத் திருத்தப் பேரவையே தீர்மானம் போடலாம். என்னோடு கை தூக்க நாலு பேர் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு உறுப்பினன்