கராத்தே தரப்படுத்தலில் நேர்மை வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் கராத்தே வகுப்புகள் நடைபெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அங்கு மாணவரின் தரத்தைக் காட்டும் நிறப் பட்டிகள் வழங்கப்படும் முறை குறித்து, இக்கலையைப் பயின்றும் பயிற்றுவித்தும் வந்தவன் என்ற வகையில் என் கவலையைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அண்மையில் நான் பார்வையாளராக இருந்த தரப்படுத்தல் பரீட்சையொன்றில், பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் ஹெய்யான் ஷோடான் என்னும் கட்டாவை, அதாவது வகுத்த வரிசைப்படி தனியே செய்யும் அசைவுத் தொகுதியை, செய்து காட்டினான். 21 அசைவுகளே கொண்ட அந்த ஆரம்பக் கட்டாவில் பாதி வழியிலேயே திசை தவறி நின்றுவிட்டான். குத்தும்போதெல்லாம் பின்காலின் குதி நிலத்தை விட்டு எழுந்தது. எவரும் திருத்தவில்லை. சற்று நேரத்தில் அவனுக்கும் அடுத்த நிறப் பட்டி கட்டிப் படம் எடுத்தார்கள். அன்று தோற்றிய அனைவரும் சித்தியடைந்தனர். கற்பித்தவரும் பரீட்சித்தவரும் கட்டணம் பெற்றவரும் ஒருவரே.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883 இல் தொடக்கிய, இன்று கறுப்புப் பட்டி குறிக்கும் டான் தரமுறையைப் பின்பற்றியே, ஜப்பானின் ஒகினாவாத் தீவிலிருந்து டோக்கியோ சென்ற கராத்தே ஆசான் கிச்சின் புனாகோஷி 1924 ஏப்ரலில் தம் மாணவர் சிலருக்குக் கராத்தேயில் முதன்முதலாக டான் தரம் வழங்கினார். அதற்கு முன்னர் ஒகினாவாவில் பட்டியே இல்லாமல் தலைமுறைகளாக இக்கலையைப் பயின்றார்கள். இதைப் பெற்றோர் அறிந்தால், ஆறு மாதத்துக்கொரு நிறம் வேண்டுமென்று பயிற்றுநரை நெருக்கமாட்டார்கள். உழைக்கும் பயிற்றுநர்கள் பலர் இந்த நெருக்குதலால்தான் மாணவரை இழக்கிறார்கள் என்பதையும் நான் அறிவேன்.

தகுதியின்றிப் பெற்ற பட்டி பிள்ளையிடம் பொய்யான துணிவை வளர்க்கிறது. கைகலப்பு ஒன்றில் அகப்படும் நாளில் அதற்கான விலையைப் பயிற்றுநரல்ல, பிள்ளையே கொடுக்க நேரிடும். இருவர் எதிரெதிரே மோதும் குமித்தேப் பயிற்சியில் பிறர் கவனிக்காதபோதும் "எனக்குப் பட்டது" என்று தானாகவே கையுயர்த்தும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தன் குருவே பரீட்சையில் கண்மூடி இருப்பதைக் காணும் பிள்ளை அந்தப் பழக்கத்தை யாரிடம் கற்கும்?

ஆகவே, தரப்படுத்தலுக்கு வெளியிலிருந்து பரீட்சகர் ஒருவரையேனும் அழைக்கவும், கட்டணத்தை முற்கூட்டியே எழுத்தில் அறிவிக்கவும், சித்தியடையாதவர் மேலதிகக் கட்டணமின்றி மீண்டும் தோற்ற இடமளிக்கவும் கராத்தே சங்கங்கள் முன்வர வேண்டும். வடக்கு மாகாண விளையாட்டுத் திணைக்களமும் இவ்விடயத்தில் கவனஞ் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கராத்தே பயிற்றுநர் ஒருவர்,
கொக்குவில்.