டிஜிட்டாலிஸை எப்போது நிறுத்துவது?

ஆசிரியருக்கு,

இதய மருந்துகளின் வரலாறு பற்றிய தங்கள் கட்டுரை, வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு மூதாட்டியின் மருந்திலிருந்து ஃபாக்ஸ்குளோவ் (டிஜிட்டாலிஸ்) செடியைத் தெரிந்துகொண்டதோடு நின்றுவிட்டது. அது நடந்தது 1775இல். அவர் நூல் வெளியிட்டது 1785இல். இடையிலிருந்த பத்தாண்டு உழைப்பைத்தான் முக்கியமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஷ்ராப்ஷயர் மூதாட்டியின் மருந்தில் இருபது மூலிகைகளாவது இருந்தன. உடம்பில் நீர் கோத்தவர்களுக்கு அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று விதரிங் பிரித்தறிந்தார். முதலில் இலையைக் கஷாயமாக்கிக் கொடுத்தார்; வீரியம் சீராக இல்லை. இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறியதால் பூக்கும் சமயத்தில் பறிக்கச் சொன்னார். காம்பையும் நடுநரம்பையும் கழித்து, வெயிலிலோ நெருப்பின் முன் தகரத் தட்டிலோ உலர்த்திப் பொடித்தால், பச்சை இலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத் தேறும். அந்தப் பொடியில் 1 முதல் 3 கிரெயின், நாளைக்கு இருவேளை. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்.

எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே வகுத்தார். சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகிய நான்கில் எதில் மருந்தின் வேலை முதலில் தெரிகிறதோ, அப்போதே நிறுத்த வேண்டும். இந்த இலையில் வேலை செய்யும் பொருளான டிஜிடாக்ஸின், உடம்பிலிருந்து பாதி வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நேற்றைய மருந்தின் மேல் இன்றையது சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் வாந்தி, பேதி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிவது, நாடி நிமிடத்துக்கு 35 வரை இறங்குவது, கடைசியில் மரணம் என்று அவர் எழுதியது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

எந்த வீக்கம் இதயத்தால், எது சிறுநீரகத்தால் என்ற தெளிவு அவர் காலத்தில் இல்லை. 1827இல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் அதற்கு வழிகாட்டினார். சிறுநீரைக் கரண்டியில் விட்டு மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால், அதில் ஆல்புமின் என்ற புரதம் இருந்தால் வெள்ளையாகத் திரளும். அப்படித் திரண்டால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கலாம்.

இன்று, டிஜிட்டாலிஸ் வகையைச் சேர்ந்த டிஜாக்ஸின் மாத்திரை இதயத் தளர்ச்சிக்கு முதல் வரிசை மருந்து அல்ல. 6,800 பேரிடம் நடந்து 1997இல் வெளியான ஆய்வில் அது மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைத்தது, மரணத்தைக் குறைக்கவில்லை. ஆனாலும் பலர் சாப்பிடுகிறார்கள். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். இது பெரும்பாலும் சிறுநீர் வழியே போவதால், சிறுநீரகம் தளர்ந்தால் தேங்கிவிடும். கூடவே, நீரை வெளியேற்றக் கொடுக்கும் ஃப்யூரோசமைடு மாத்திரை ரத்தத்தின் பொட்டாசியத்தை இறக்கிவிட்டால், அதே அளவு மாத்திரையே நஞ்சாகும்.

முதியவர் ஒருவர் திடீரென்று சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றால் 'கேஸ் ட்ரபிள்' என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். டிஜாக்ஸின் சாப்பிடுபவரானால் அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்; கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை), பொட்டாசியம், இசிஜி மூன்றும் அன்றே பார்க்க வேண்டும். பேதியும் சேர்ந்துகொண்டால் தாமதமே கூடாது. இதைத் தனிக் கட்டமாகவே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

– மருந்தியல் பேராசிரியர், திருச்சி