மூன்றாவது பெடலை எடுத்துவிடாதீர்கள்

ஆஃப்ரோடு எஸ்யூவி தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், எந்த மாடலில் எந்த கியர்பாக்ஸ் என்று முடிவெடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே கிடைக்கிறது. பழைய டிஃபெண்டர் விட்டுச்சென்ற இடத்தைக் குறிவைத்து வந்த இனியோஸ் கிரெனடியரிலும் மூன்றாவது பெடலான கிளட்ச் இல்லை. 2025 மாடலிலிருந்து ஜீப் கிளாடியேட்டரில் மேனுவல் நின்றுபோனது. அதே ஆண்டு வந்த புதிய டொயோட்டா 4ரன்னரிலும் அது கிடையாது. சேற்றிலும் பாறையிலும் போவதற்கென்றே செய்யப்படும் வண்டிகளில்கூட கியர் லீவர் மறைந்துவருவதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஆட்டோமேட்டிக்கைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. மணல்மேட்டில் கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் நேரத்துக்குள் வண்டியின் ஓட்டம் செத்துவிடும். அங்கே ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு ஈடு இல்லை. பாறையில் ஏறும்போது பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தவும் அது வசதி. வேண்டியவர்கள் தாராளமாக வாங்கட்டும்.

ஆனால் செங்குத்தான இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரங்களும் மெதுவாகவும் வலுவாகவும் சுழலும் லோ ரேஞ்சில், முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது பல்சக்கரங்களும் தண்டுகளும்தான். எது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. இறக்கத்தில் வேகத்தைத் தானாகவே கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் அதே வேலையை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்துச் செய்கிறது. இறக்கம் நீண்டால் சூடாவது பிரேக்தான்.

ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுபோனால்? பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி லோ ரேஞ்சிலேயே ரிவர்ஸ் கியரைப் போட வேண்டும். கிளட்சை முழுதாக விட்டு, பிரேக்கை மெல்லத் தளர்த்திச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் உயிர் பெற்று வண்டியைத் தன் பிடியிலேயே பின்னோக்கி இறக்கிவிடும். மேனுவல் ஓட்டுபவர்கள் காலங்காலமாகக் கற்றுத்தரும் முறை இது. இதற்காகவே முந்தைய டொயோட்டா டகோமா பிக்கப்பில் கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் செய்ய ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். இந்தப் பாதைகளை நன்கு அறிந்த ஒருவர் அந்தப் பொத்தானுக்காகப் போராடியிருக்க வேண்டும். அவரைப் போன்றவர்கள் உங்களிடம் இன்றும் இருப்பார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

உங்கள் எண்களையே பாருங்கள். கிரால் ரேஷியோ என்பது மிகத் தாழ்ந்த கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு; எண் கூடினால் வண்டி இன்னும் மெதுவாக, வலுவாக ஊரும். ஜீப் ரேங்ளர் ரூபிகானில் மேனுவலின் கிரால் ரேஷியோ 84.2:1, வழக்கமான ரூபிகானின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் அது 77.2:1. ஃபோர்டு பிரான்கோவின் மேனுவலில் ஊர்ந்து போவதற்கென்றே தனி கியர் ஒன்று உண்டு. அதைக் கொண்டு 94.75:1 வரை எட்டுகிறார்கள். பழைய பாசத்துக்காக ஒட்டிவைத்த லீவர் இல்லை இது. அந்த வண்டி எதற்காகப் பிறந்ததோ அந்த வேலைக்கான கருவி.

அப்படியிருந்தும், மேனுவல் கேட்டு யாரும் வருவதில்லை என்கிறீர்கள். எனக்கு மிகவும் வலிப்பது இந்தப் பதில்தான். பிரான்கோவில் பெரிய வி6 எஞ்சின் வேண்டுமென்றால் மேனுவல் கிடையாது. ரேங்ளரில் டர்போ, ஹைப்ரிட், வி8 எதற்கும் கிடையாது, 3.6 லிட்டர் எஞ்சினுக்கு மட்டும்தான். வாங்க வருபவர் தனக்கு வேண்டிய எஞ்சினைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே கிளட்சை இழந்துவிடுகிறார். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே யாரும் வரவில்லை என்று கணக்கெழுதுவது நியாயமா?

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2020இல் பிரான்கோவை அறிவித்தபோது, பெரிய டயர்களும், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் லாக்கர்களும் சேர்ந்த சாஸ்குவாட்ச் தொகுப்பு மேனுவலுக்கு இல்லை. ஆர்வலர்கள் விடாமல் கேட்டார்கள். அதே ஆண்டுக்குள் ஃபோர்டு இறங்கிவந்து, தருவதாக அறிவித்தது.

உங்கள் சங்கடங்களும் புரிகின்றன. ஒவ்வொரு எஞ்சின், கியர்பாக்ஸ் சேர்க்கைக்கும் தனியாகப் புகைச் சோதனையும் சான்றும் வேண்டும். தானியங்கி அவசர பிரேக்கையும் ஹைப்ரிட் மோட்டாரையும் கிளட்சோடு இணைப்பது கூடுதல் வேலை. ரேங்ளரிலும் கிளாடியேட்டரிலும் கிளட்ச் அளவுக்கு மீறிச் சூடாகும் சிக்கலுக்காக மேனுவல் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்ததும் உண்மை. அதற்குத் தீர்வு நல்ல கிளட்ச். சுசுகி ஜிம்னியும் ஃபோர்ஸ் குர்காவும் ஐந்து கியர் மேனுவலோடு இன்றும் காட்டுப் பாதைகளில் ஏறி இறங்குகின்றனவே.

நான் கேட்பது இவ்வளவுதான். எல்லா மாடலிலும் வேண்டாம். பாறைக்கும் சேற்றுக்கும் என்று நீங்களே பெயர் சூட்டி விற்கும் அந்த ஒரு மாடலிலாவது, லாக்கர்களோடும் நல்ல எஞ்சினோடும் மேனுவலைத் தாருங்கள். முதல் கியரைத் தாழ்வாக வையுங்கள். கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் செய்யும் அந்தப் பொத்தானையும் கொடுங்கள். பெடல்களுக்கும் லீவருக்கும் தரைப்பலகையில் எவ்வளவு இடம் என்பது வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது; பிறகு மனம் மாறினாலும் சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே அடுத்த வண்டி இன்னும் தாளில் இருக்கும்போதே மூன்றாவது பெடலுக்கும் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

அன்புடன்,
கியர் லீவரில் கைவைத்தே மலையேறப் பழகிய ஒரு ஓட்டுநர்