ஹெர்மிஸுக்கு இறங்குவதற்கு முன்

சென்னை

அன்புள்ள சேகர்,

தோள்பட்டை எப்படி இருக்கிறது? ஃபிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போகிறாயா, இல்லை இரண்டு வாரத்தோடு நிறுத்திவிட்டாயா? உன்னைத் தெரியும் என்பதால்தான் கேட்கிறேன். அந்தத் தோள் இந்தக் கடிதத்தில் இன்னொரு முறை வரும். நித்யாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி இப்போதே புலம்புகிறாளாமே?

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க முதுகில் இரட்டை சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவது இந்த வயதில் தேவையா, அந்தமானில் ஹேவ்லாக் தீவில் கற்ற டைவிங் போதாதா, எனக்கும் சரிப்படுமா என்று கேட்டிருந்தாய். முதல் கேள்வியை வசந்தியே தினமும் கேட்கிறாள். அதை விடு.

ஹேவ்லாக்கில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றது: ஏதாவது கோளாறானால் நிதானமாக மேலே வந்துவிடலாம். முதலில் 18 மீட்டர், அப்புறம் 30, எப்படிப் போனாலும் 40. கீழே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று மணிக்கட்டில் கட்டிய கம்ப்யூட்டர் காட்டும் நிமிடம் தீர்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். நான் இப்போது செய்யும் டெக்னிக்கல் டைவிங்கில் அந்த வழி இல்லை. 50 மீட்டரில் 20 நிமிடம் இருந்துவிட்டால், உடம்பில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக ஒவ்வொரு மட்டமாக நின்று நின்றுதான் ஏற முடியும். கடைசி நிறுத்தங்கள்தான் நீளம். அவசரப்பட்டு மேலே வந்தால் ரத்தத்திலும் நரம்பிலும் குமிழி கட்டும். ஆக, கீழே என்ன கெட்டாலும் அங்கேயே சரிசெய்தாக வேண்டும். இரண்டு சிலிண்டர், வாயில் கடித்துச் சுவாசிக்கும் ரெகுலேட்டர் இரண்டு, இரண்டு கம்ப்யூட்டர், பையில் இன்னொரு முகமூடி என்று நான் சுமப்பதெல்லாம் இதற்காகத்தான்.

கணக்கு உனக்குப் பிடிக்கும் என்பதால் இதையும் பார். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவன் 50 மீட்டரில், அதாவது கரையைப் போல ஆறு மடங்கான 6 பார் அழுத்தத்தில், நிமிடத்துக்கு 120 லிட்டர் விழுங்குவான். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அடைத்தால் 2,400 லிட்டர். இருபதே நிமிடத்தில் காலி! அதனால் இறங்குவதற்கு முன்பே காகிதத்தில் எழுதிவிடுகிறோம்: கூட வருபவனின் காற்று மொத்தமும் போய்விட்டால், என் முதுகில் இருப்பதை இருவரும் சுவாசித்துக்கொண்டு அடுத்த சிலிண்டரைத் திறக்கக்கூடிய ஆழம் வரை வர எத்தனை லிட்டர் வேண்டும்? அந்த அளவு வந்ததும், எதிரே என்ன அதிசயம் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

தாய்லாந்தில் கோ தாவ் தீவில் பயிற்சி எடுத்தேன். பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர் தண்ணீரில்தான் வைத்திருந்தார்கள். மணல் கிளம்பாமல், காலில் மாட்டிய ஃபின்னை அசைக்காமல், படுத்த வாக்கில் மிதக்க வேண்டும். பயிற்சியாளர் பின்னால் வந்து காற்றை ஊதும் ஒரு துப்பாக்கியை என் கழுத்துக்குப் பின்னால் அழுத்துவார். வால்வு கசிவது போலப் படபடவென்று குமிழிச் சத்தம். இடப்பக்கமா, வலப்பக்கமா, நடுவிலா என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வால்வைத் தொட்டு, முழுக்கத் திருகி மூடினால் வாயில் இருக்கும் ரெகுலேட்டர் செத்துவிடும். தாடைக்குக் கீழே ரப்பர் வளையத்தில் தொங்கும் இன்னொன்றை எடுத்துக் கடித்துக்கொள்ள வேண்டும். இதற்குள் அரை மீட்டர் ஏறியிருந்தாலும் முதலிலிருந்து செய்யச் சொல்வார். வாயில் இருக்கும் ரெகுலேட்டரின் குழாய் இரண்டு மீட்டர் நீளம். ஃபுளோரிடாக் குகைகளில் மூழ்கியவர்கள் கொண்டுவந்த பழக்கம்: குறுகலான வழியில் ஒருவர் பின் ஒருவராக நீந்தும்போதும் காற்றைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அப்புறம் வாயு. ஹேவ்லாக்கில் 30 மீட்டரில் பிரஷர் கேஜை மூன்று முறை பார்த்தும் எவ்வளவு என்று சொல்லத் தெரியாமல் சிரித்தாயே, அது நைட்ரஜன் செய்த வேலை. 50 மீட்டரில் வெறும் காற்றோடு இருந்தால் அந்த மயக்கம் இன்னும் கூடும். அதனால் ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ். 21 சதவீதம் ஆக்சிஜன், 35 சதவீதம் ஹீலியம் இருந்தால் 50 மீட்டரிலும் மயக்கம் 30 மீட்டரில் இருக்கும் அளவோடு நின்றுவிடும். ஹீலியத்தின் விலையைச் சொன்னால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

ஏறும்போது சுவாசிக்கப் பக்கவாட்டில் வேறு சிலிண்டர்கள். 50 சதவீத ஆக்சிஜன் 21 மீட்டரிலிருந்து. சுத்த ஆக்சிஜன் 6 மீட்டருக்கு மேலேதான். ஆழத்தில் தவறான சிலிண்டரிலிருந்து மூச்சு இழுத்தால் முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தவன் பிழைப்பது அபூர்வம். அதனால் ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் பெரிய எண்ணில் ஆழம் எழுதியிருக்கும். மாற்றும்போது அந்த எண்ணைக் கூட வருபவனிடம் காட்டி, குழாயை வால்விலிருந்து வாய் வரை விரலால் தடவி, அவன் தலையசைத்த பிறகுதான் கடிக்க வேண்டும். ஒவ்வொரு நோட்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நம்மூர் வங்கிக் காசாளர்களை நினைத்துக்கொள். அந்த அளவு சந்தேகபுத்தி வேண்டும்.

இவ்வளவும் எதற்கு என்றால், ஹெர்மிஸுக்காக. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைத்து உருவாக்கத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. கப்பலில் தனக்கென ஒரு போர் விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். அந்த ஏப்ரலில்தான் குண்டுக்குப் பயந்து சென்னையே காலியானது. எங்கள் பாட்டி கும்பகோணத்துக்கு ரயிலேறிய கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். கப்பல் சுமார் 53 மீட்டரில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. போன வருடம் இறங்கினேன். விமான எதிர்ப்பு பீரங்கி ஒன்று பவளம் படர்ந்து நிற்கிறது. சுற்றிலும் மீன் கூட்டம். எதையும் தொடுவதில்லை, எடுப்பதில்லை. அது கல்லறை.

மேலே வந்ததும் படகுக்காரர், "அவ்வளவு நேரமும் கயித்தப் பிடிச்சுக்கொண்டு நிண்டீங்களோ?" என்று கேட்டார். அவர் முன்பு கடலட்டைக்கு மூழ்கியவர். ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்குவார்கள். கம்ப்யூட்டரும் கிடையாது, நிறுத்தமும் கிடையாது. அவருடைய கூட்டாளிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. துணிச்சல் அவர்களிடம் எங்களைவிட அதிகம். இந்தப் பயிற்சியைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, உனக்குச் சரிப்படுமா? தோள் தலைக்குப் பின்னால் போகாதவரை வேண்டாம். சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டும் முறை இருக்கிறது, வால்வு அக்குளுக்கு அருகில் வந்துவிடும். ஆனால் குணமாகாத மூட்டோடு தொடங்காதே. முதலில் டைவிங் தெரிந்த மருத்துவரிடம் இதயத்தையும் நுரையீரலையும் காட்டு. எதையும் வாங்காதே. ஆக்சிஜன் கூடுதலான காற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் நைட்ராக்ஸ் பயிற்சியை முடித்துவிட்டு, டிடிஐ என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் இன்ட்ரோ டு டெக் மாதிரி ஒரு தொடக்கப் பயிற்சியில் சேர். அதில் நின்று நின்று ஏறும் டிகம்ப்ரெஷன் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படி நிறுத்தினாலும் தண்ணீரில் ஒரே மட்டத்தில் மிதக்கும் உன் லாவகம் நன்றாகச் சீர்ப்படும். கீழே பார்க்க ஆசைப்படும் இடம் எதுவும் இல்லாமல், மீட்டர் கணக்குக்காக மட்டும் போகிறவர்களோடு நான் படகில் ஏறுவதில்லை. நீ அந்த ரகம் இல்லை என்று தெரியும்.

இப்போதைக்கு ஒரு யோசனை. மே மாதம் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் பாசிக்குடாவுக்கு வா. கிழக்குக் கடல் அப்போது அமைதியாக இருக்கும். ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அந்தப் பக்கம் 25 மீட்டருக்குள் கிடக்கிறது. உன் பழைய டைவிங் சான்று அட்டையே போதும். பானுவையும் நித்யாவையும் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நிற்கலாம். உன் ரெகுலேட்டரை முதலில் சர்வீஸுக்குக் கொடு. லீவு எந்த வாரம் கிடைக்கும் என்று சீக்கிரம் எழுது, படகுக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
ரவி