பேட்டரி இறங்கிய கேசட்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஆகஸ்டு 2025

அன்புள்ள மச்சான்,

நலமா? இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் தங்கச்சிக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை, வீட்டுக்கு மட்டும் புதுப் பெயிண்ட். போன மாதம் வாட்ஸ்அப்பில் நீ ஓர் அழும் பொம்மையை மட்டும் அனுப்பியிருந்தாய். ஹெவி மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் சாவுச் செய்திதான் என்று புரிந்துகொண்டேன். பதிலுக்கு நானும் ஒரு பொம்மையை அனுப்ப மனசு வரவில்லை. அதனால் பேனாவை எடுத்தேன்.

ஜூலை 5 கச்சேரியைப் பார்த்தாயா? பர்மிங்காமில், அவர் வளர்ந்த ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானம். நடக்க முடியாத மனிதர் கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் பழைய நாலு பேரும் ஒரே மேடையில். அதிலிருந்து 17ஆம் நாள் போய்விட்டார், 76 வயதில். என் மகன் என்னை வினோதமாகப் பார்த்தான். தாத்தா செத்தபோதுகூட நான் இப்படிச் சாப்பிடாமல் உட்காரவில்லையாம். அப்போது சாவு வேலை தலைக்கு மேல் இருந்தது, உட்கார எங்கே நேரம்?

அன்று ராத்திரி நினைவுக்கு வந்தது பாட்டு இல்லை, பேட்டரி. நம் ரப்பர் தோட்டத்தில் இஞ்சின் கரண்ட் மாலை ஆறுக்கு வரும், பத்துக்குப் போகும். பகலில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் ஆறு பெரிய பேட்டரி வேண்டும். வாங்கக் காசு ஏது? தீர்ந்ததை, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டாயின் தகரக் கூரைமேல் காயவைத்து, இன்னும் ரெண்டு பாட்டுக்கு இழுப்போம். பேட்டரி இறங்க இறங்க டேப் மெதுவாகும், குரல் தடிக்கும். அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் கிணற்றுக்குள் விழுந்தவர் மாதிரி கத்துவார். நமக்கு அதுதான் ஹெவி மெட்டல். ஈப்போவில் உன் பெரியம்மா வீட்டில், ஒழுங்கான கரண்டில் அதே கேசட்டைப் போட்டபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டேய், இது வேற ஆளுடா பாடுறான்."

அதைவிட மோசம் 1988. ஈப்போ மேடான் கிட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து அலைந்து மெட்டாலிக்கா குழுவின் புது கேசட்டை வாங்கி வந்தோம். நீயோ பேஸ் கித்தார் வாசிக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த ஆல்பத்தில் பேஸே கேட்கவில்லை. ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று திருப்புளியை எடுத்து என் அண்ணன் ரேடியோ செட்டை முழுசாகப் பிரித்துப் போட்டாய். அந்தக் குழுவின் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸை மிக்ஸிங்கிலேயே அமுக்கிவிட்டார்கள் என்று எத்தனையோ வருஷம் கழித்துத்தான் படித்தேன். உலகம் முழுக்க இதே புகார்தானாம். அண்ணனிடம் சொன்னேன். அவர் இன்னும் அந்த செட்டுக்குக் காசு கேட்கிறார்.

அப்புறம் உன் தலைமுடி! கட்டொழுங்கு ஆசிரியர் கத்தரிக்கோலோடு வந்தபோது, "தைப்பூசத்துக்கு நேர்த்திக்கடன் சார்" என்று கூசாமல் சொன்னாயே. அவரும் விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பேச்சு உன் அம்மா காதுக்குப் போய், சாமி பேரில் சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது என்று கல்லுமலைக் கோவிலுக்கு இழுத்துப்போய் மொட்டை போட்டுவிட்டார்கள். சந்தனம் பூசிய தலையோடு, மெய்டன் சட்டையில் நீ நின்ற படம் என் மனசில்தான் இருக்கிறது, கேமராதான் இல்லை. 1992இல் நீளமுடி ராக்கர்களுக்கு அரசாங்க டிவியான ஆர்டிஎம்மில் இடமில்லை என்று சொல்லி, மலாய் ராக் பாடகர்களான செர்ச் குழுவின் ஏமி, விங்ஸ் குழுவின் அவி ஆகியோரின் முடி வெட்டப்பட்டபோது, "நான் முன்னாடியே குடுத்துட்டேன்" என்றாயே, அந்த வலிதான். செர்ச்சின் 'இசபெல்லா' பாட்டைக் கல்யாண வீட்டுக்கு வீடு தமிழ்ப் பையன்கள் மைக் பிடித்துக் கதறியதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். இப்போது வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி.

சபாத்தின் கித்தார்காரர் டோனி ஐயோமி கதை உனக்குத் தெரிந்திருக்கும். 17 வயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை. அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தாராம், அம்மாதான் துரத்திவிட்டார். வேறொருவர் வராததால் பழக்கமில்லாத அழுத்து இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையில் ரெண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடக்கைக்காரர், தந்தியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி மாதிரி செய்து விரலில் மாட்டிக்கொண்டார். தந்தி விறைப்பாக இருந்தால் வலிக்கும் என்று மெல்லிய தந்தி கட்டினார், பிறகு சுருதியையும் இறக்கினார். சபாத்தின் 1971 ஆல்பத்தில் கேட்கிறதே அந்தக் கனத்த சத்தம், அதற்கு அடியில் இருப்பது இந்த விரல் வலி. நமக்கு பேட்டரி இல்லாமல் இறங்கியது, அவருக்கு விரல் இல்லாமல் இறங்கியது.

எங்கப்பாவுக்கும் இடது கையில் ரெண்டு நுனி இல்லை என்பது உனக்குத் தெரியும். ரப்பர் ஷீட் போடும் உருளையில் போனது, நான் பிறப்பதற்கு முன்பு. உறைந்த ரப்பர் பால்கட்டி ஈரமாக வழுக்கும், தள்ளிவிடுகிற கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதற்கு முன்பு அவர் கோவில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவர். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், வேட்டி சுற்றி, அப்படியே கிடந்தது. நாங்கள் சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து பசியாறியிருக்கிறோம்.

அவர் போவதற்கு ஒரு வருஷம் முன்பு இந்த ஐயோமி கதையைச் சொன்னேன். நம் பாட்டையெல்லாம் "மாடு ஈனுற சத்தம்" என்று திட்டியவர், டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எந்தக் கை?" என்றார். சொன்னேன். தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மறுபடி வாசிக்க அவனுக்கு எப்படித் தைரியம் வந்தது என்று கேட்டார். தொழிற்சாலை ஃபோர்மன் ஒரு ரெக்கார்டை வாங்கி வந்து போட்டுக் காட்டினார், ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்பவர், தீ விபத்துக்குப் பிறகு ரெண்டே விரலால் வாசித்தவர் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எனக்குக் கட்டு பிரிச்சதும் தோட்டத்து ஆபீஸ் கிராணி புல்லு வெட்டப் போகச் சொன்னாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டிவியை மறுபடி போட்டுக்கொண்டார்.

ஓஸிக்காக நான் சாப்பிடாமல் உட்கார்ந்தேன் என்கிறானே மகன், அவனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உனக்குச் சொல்லிவிட்டேன்.

சரி, மற்ற சேதி. நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்ச் செம்பனை, இஞ்சின் கொட்டாயின் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் தெரிகிறது. ஆர்மோனியத்தை ஈப்போவில் ஒருவரிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன். துருத்தி கிழிந்திருக்கிறது, மரம் நன்றாக இருக்கிறது என்றார். தீபாவளிக்கு வந்துவிடும் என்கிறார். நீயும் வா. வரும்போது 1989இல் இரவல் வாங்கிப்போன என் மெய்டன் கேசட்டை எடுத்து வா. தொலைந்துவிட்டது என்று சொல்லாதே. உன் வீட்டு அலமாரியில் அதைப் போன முறையே பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துக்காரன்