பட்டியல் முதலில், இணையதளம் பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028-ஆம் ஆண்டு மகாமகத்துக்கான முன்னேற்பாடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சாலை, குளம், கழிப்பறை, பேருந்து நிலையம் ஆகியவையே பேசப்படுகின்றன. அந்த நாள்களில் வந்து சேரும் கூட்டத்துக்குச் சோறு போடவும், தங்க இடம் கொடுக்கவும், வண்டி ஓட்டவும், கோயில்களைச் சுற்றிக் காட்டவும் முன்வரும் சிறு தொழில்காரர்கள் யாரிடம், எத்தனை அனுமதிகளை, எந்த விதியின்படி பெற வேண்டும் என்ற கேள்வியை எழுப்புவாரைக் காணோம். கும்பகோணத்தில் சிறு நிறுவனங்களுக்கு உரிம விண்ணப்பங்களும் வரிக் கணக்குகளும் தயாரித்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஐரோப்பாவின் நகராட்சிகளுக்கு இதே கேள்வி ஒரு சட்டத்தின் வடிவில் வந்தபோது அவை எவ்வாறு ஆயத்தப்படுத்தப்பட்டன என்பதை நம் உள்ளாட்சி நிர்வாகத்தினர் அறிந்துகொள்வது பயன்தரும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சேவைத் தொழில்கள் குறித்த ஆணை, 2006/123 என்ற எண்ணுடன், 2006 டிசம்பர் 12 அன்று நிறைவேறியது. ஓர் உறுப்பு நாட்டைச் சேர்ந்த கட்டடக்காரரோ சமையல் ஒப்பந்தக்காரரோ சுற்றுலா வழிகாட்டியோ இன்னொரு நாட்டில் தொழில் செய்யப் போனால் உள்ளூர் விதிகள் அவரைத் தேவையின்றித் தடுக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். 2004 ஜனவரியில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஒன்றிய ஆணையத்தின் ஆணையர் போல்கெஸ்டைன் முன்வைத்த முதல் வரைவு இதைவிடக் கடுமையானது. சேவை வழங்குபவருக்கு அவருடைய சொந்த நாட்டின் சட்டமே பொருந்தும் என்றது. குறைந்த கூலிக்கு வரும் போலந்து பிளம்பர் தம் பிழைப்பைப் பறித்துவிடுவார் என்ற அச்சம் பிரான்சில் பெரிய அரசியல் விவகாரமாகி, தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கி, கடைசியில் அந்தக் கோட்பாட்டைக் கைவிட்ட பிறகே ஆணை நிறைவேறியது. மருத்துவம், நிதி, போக்குவரத்து போன்ற துறைகள் விலக்கப்பட்டன. அந்த அரசியல் நமக்குத் தொலைவானது. ஆணை நிறைவேறிய நாளுக்கும், உறுப்பு நாடுகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டிய கெடுவான 2009 டிசம்பர் 28-க்கும் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் நடந்த வேலைதான் நமக்குத் தொடர்புடையது.

அந்த மூன்று ஆண்டுகளின் முதன்மையான வேலை கணினியில் நடக்கவில்லை. கோப்பு அறைகளில் நடந்தது. ஜெர்மனியில் மத்திய அரசு, மாநில அரசுகள், நகராட்சிகள் என எல்லா மட்டத்திலும் தத்தம் விதிகளையும் துணைவிதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள். அப்போது ஒன்றியத்தில் இருந்த இங்கிலாந்தின் உள்ளூர் மன்றங்கள் (நம் நகராட்சிகளைப் போன்றவை) தெருக்கடை உரிமம் முதற்கொண்டு தாங்கள் கொடுக்கும் அனுமதிகளை வரிசைப்படுத்தின. சோதனைக்கு மூன்று கேள்விகள் போதுமானவையாக இருந்தன. இந்த நிபந்தனை வெளியூர்க்காரருக்கு ஒரு விதமாகவும் உள்ளூர்க்காரருக்கு வேறு விதமாகவும் இருக்கிறதா? பொதுநலன் சார்ந்த எந்தக் காரணத்துக்காக இது தேவைப்படுகிறது? அதே நோக்கத்தை இதைவிட எளிய வழியில் அடைய முடியுமா? பதில் சொல்ல முடியாத நிபந்தனையைத் திருத்த வேண்டும், அல்லது கைவிட வேண்டும். கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, ஒரே தொழில் செய்யும் இருவருக்கு இடையே குறைந்தபட்சத் தூரம், குறைந்தபட்சக் கட்டணம் போன்றவற்றை வைத்துக்கொள்ள விரும்பினால் காரணத்தை எழுத்தில் ஒன்றிய ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதிகளை இணையம் வழியே பெற ஒற்றைத் தொடர்பு மையம் அமைக்க வேண்டும் என்ற விதியும் அந்த ஆணையில் உண்டு. அதற்கான இணையதளங்கள் பல நாடுகளில் தொடக்கத்தில் சொதப்பலாகவே இருந்தன. ஆனால் விதிகளைச் சலித்தெடுத்த வேலை வீண்போகவில்லை.

நம்மிடம் நிலைமை தலைகீழ். வணிக எளிமையாக்கலுக்குத் தமிழ்நாட்டில் 2018-லேயே சட்டம் வந்துவிட்டது, ஒற்றைச் சாளர இணையதளமும் இருக்கிறது. சாளரத்துக்குப் பின்னால் எத்தனை நிபந்தனைகள், அவற்றில் எத்தனை எழுதப்பட்ட விதி, எத்தனை வெறும் பழக்கம் என்று எவராவது எண்ணிப் பார்த்தார்களா என்பதுதான் என் ஐயம்.

எடுத்துக்காட்டாக ஒன்று சொல்கிறேன். டெல்டாவின் ஒரு பேரூராட்சியில் தம் பழைய ஓட்டு வீட்டின் முன்கட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட விரும்பிய அம்மையார் ஒருவருக்காக நான் கோப்பு தயாரித்தேன். சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை, வீட்டு வரைபடத்தின் நகல், குடிநீர்ப் பரிசோதனைச் சான்று ஆகிய எல்லாவற்றையும் இணைத்து, டேக் நூலால் கட்டி, தபால் பிரிவில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டபோது, "சீல் மேனேஜர் பீரோவில் இருக்கு, சாயங்காலம் வாங்க" என்றார்கள். சில வாரங்கள் கழித்து இன்னொரு கடிதம் வேண்டும் என்றார்கள். அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபணை இல்லை என்று முத்திரைத்தாளில், நோட்டரி கையொப்பத்துடன். இடப்புறத்து வீட்டுக்காரர் அதே தெருமுனையில் லாட்ஜ் நடத்துகிறவர். அவர் கையெழுத்துப் போடுவாரா? "இது எந்த விதியில் வருகிறது, சார்?" என்று எழுத்தரைக் கேட்டேன். "எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவரும் வாங்கினார் சார்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் எவரும் பட்டியல் கொடுக்கவில்லை. அம்மையார் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டார்.

ஐரோப்பிய ஆணையின் 14-ஆம் பிரிவு இப்படிப்பட்ட இடத்தைத்தான் தொடுகிறது. அனுமதி வழங்கும் முடிவில் போட்டித் தொழில்காரர் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கேற்பதை அது அடியோடு தடை செய்கிறது. 13-ஆம் பிரிவின்படி விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகையை விரைவில் தர வேண்டும். எத்தனை நாளுக்குள் முடிவு, முடிவில் குறை இருந்தால் எங்கே முறையிடுவது ஆகியவை அந்த ஒப்புகையிலேயே இருக்க வேண்டும். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும். பொதுநலன் சார்ந்த வலுவான காரணம் இருக்கும் இடங்களில் மட்டும் இதற்கு மாறாக விதி வகுத்துக்கொள்ளலாம்.

கட்டண விஷயத்தில் அங்கே நடந்த வழக்கு சுவையானது. விண்ணப்பக் கட்டணம் அந்த நடைமுறைக்கு ஆகும் செலவைத் தாண்டக் கூடாது என்கிறது ஆணை. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் ஒருவகைக் கடைகளுக்கு 2011-12-இல் 29,102 பவுண்டு உரிமக் கட்டணம் வாங்கியது. அதில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவு 2,667 பவுண்டு மட்டுமே. மீதி முழுவதும் உரிமமின்றி நடத்துவோரைப் பிடிப்பது உள்ளிட்ட கண்காணிப்புச் செலவுக்கானது. உரிமம் மறுக்கப்பட்டால் திருப்பித் தருவதாக இருந்தாலும், அந்தப் பங்கை விண்ணப்பத்துடனேயே முன்கூட்டி வசூலிப்பது ஆணைக்கு முரணானது என்று 2016 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கட்டணத்தின் எந்தப் பகுதி எதற்காக என்று பிரித்துச் சொல்லும் கணக்கு அந்த மன்றத்திடம் இருந்ததால்தான் இந்த வழக்கையே நடத்த முடிந்தது. நம் ஊர்களில் தொழில் உரிமக் கட்டணம் உயரும்போது அப்படியொரு பிரிப்பை நான் கண்டதில்லை.

பெரிய நகரங்களின் கதை சிற்றூர்களுக்குப் பொருந்தாது என்று சொல்வாரும் உண்டு. நெதர்லாந்தின் அப்பிங்கெடாம் ஏறத்தாழ 12,000 பேர் வாழும் ஊர். கடைவீதி காலியாகிவிடக் கூடாது என்பதற்காக, ஊருக்கு வெளியே உள்ள வளாகத்தில் அறைகலன் போன்ற பெரிய பொருள்களைத்தான் விற்கலாம், செருப்பும் துணியும் விற்கக் கூடாது என்று அதன் மன்றம் திட்டம் போட்டது. சில்லறை விற்பனையும் சேவையே என்றும், வேறு நாட்டவர் எவரும் சம்பந்தப்படாத உள்ளூர் வழக்குக்கும் ஆணை பொருந்தும் என்றும் 2018 ஜனவரி 30 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. கடைவீதியைக் காப்பது நியாயமான நோக்கமாக இருக்கலாம் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தத் தடை அந்த நோக்கத்தை உண்மையில் நிறைவேற்றும் என்பதற்கு ஆதாரம் காட்டும்படி அந்நாட்டின் மேல் நிர்வாக நீதிமன்றம் பின்னர் அந்த ஊர் மன்றத்தைக் கேட்டது. நம் மாயவரத்திலும் மன்னார்குடியிலும் புறவழிச்சாலை வணிகம் குறித்து எழும் வாதங்களில் யாரிடமாவது ஆதாரம் கேட்கப்படுகிறதா? அங்கே சிற்றூர் மன்றத்துக்கும் அந்தக் கேள்வி தப்பவில்லை.

இதற்கெல்லாம் மறுப்பாக ஒன்று சொல்லப்படும் என்பதை அறிவேன். அனுமதிகளைக் குறைத்தால் பாதுகாப்பு என்னாவது என்பார்கள். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த ஊர் எங்களுடையது. கட்டட அனுமதியே வேண்டாம், தீயணைப்புத் துறையின் சான்றே வேண்டாம் என்று கும்பகோணத்துக்காரன் எவனும் பேசமாட்டான். அத்தகைய இடங்களில் அதிகாரியின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதை நானே எதிர்ப்பேன். ஐரோப்பிய ஆணையும் பொதுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், நுகர்வோர் நலன், சுற்றுச்சூழல் ஆகியவற்றை நியாயமான காரணங்களாக வெளிப்படையாகவே ஏற்கிறது. நான் சொல்வது வேறு. அக்கம்பக்கத்துக் கடிதத்தையும் நான்கு வகை நகல்களையும் சரிபார்ப்பதில் நாள் முழுவதும் போய்விடும் அலுவலகத்தில், திருமண மண்டபத்தின் சமையற்கூடத்துக்கு இரண்டாம் வாசல் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க ஆள் மிஞ்சுவதில்லை. அக்கம்பக்கத்துக் கடிதத்துக்கும் தீயணைப்புச் சான்றுக்கும் அங்கே ஒரே மதிப்புதான்: இருந்தால் டிக், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு.

இது ஐரோப்பாவின் வேலை, நமக்கென்ன என்றும் இருந்துவிட முடியாது. 1995 முதல் இந்தியா உறுப்பினராக இருக்கும் உலக வணிக அமைப்பின் சேவை வணிக ஒப்பந்தம், மத்திய, மாநில அரசுகளின் நடவடிக்கைகளோடு உள்ளாட்சிகளின் நடவடிக்கைகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. நாம் திறந்துவிட ஒப்புக்கொண்ட துறைகளில், முழுமையான விண்ணப்பத்துக்கு நியாயமான காலத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிக ஒப்பந்தப் பேச்சு 2007-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2022-இல் மீண்டும் உயிர்பெற்றது. தில்லியிலும் பிரஸ்ஸல்ஸிலும் கையெழுத்தாகும் எதுவும் கடைசியில் ஒரு பேரூராட்சியின் தபால் பிரிவுக்குத்தான் வந்து சேர வேண்டும். வாய்க்கால் தூர்வாராமல் மேட்டூரைத் திறந்தால் கடைமடைக்கு என்ன வரும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பக்கத்திலேயே காரைக்கால் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர் பாரீசில் விருந்துச் சமையல் தொழில் நடத்தினால், பெல்ஜியத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க எந்தெந்த அனுமதி தேவை என்பதை வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ள ஒரு தொடர்பு மையம் உண்டு. அவரே மகாமகத்துக்கு வந்து பாட்டன் ஊரில் ஒரு மெஸ் தொடங்க நினைத்தால் என்னைப் போன்ற ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கும். என் பிழைப்புக்கு அது நல்லதுதான் என்பதையும் மறைக்கவில்லை.

ஆகவே கும்பகோணம் மாநகராட்சியும், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் புதிய செயலி எதையும் தொடங்கும் முன், தாங்கள் கொடுக்கும் எல்லா அனுமதிகளையும் ஒரே பட்டியலாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கான சட்டப் பிரிவு, கேட்கப்படும் ஆவணம், கட்டணம், முடிவெடுக்கும் நாள் கெடு ஆகியவை இருக்க வேண்டும். சட்டப் பிரிவு எழுத முடியாத ஆவணத்தை அன்றே நிறுத்த வேண்டும். இதை மேலிருந்து சுற்றறிக்கையாக அனுப்பிப் பயனில்லை. உரிமப் பிரிவு எழுத்தர்களையும் சுகாதார ஆய்வாளர்களையும் இ-சேவை மையப் பணியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, உண்மையான பழைய கோப்புகளை மேசையில் பரப்பி, ஒவ்வொரு தாளாக இது எதற்கு என்று கேட்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு பேரூராட்சியில் முதலில் செய்து பார்க்கலாம். பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அல்ல இது.

பட்டியலைப் பலகையில் ஒட்டுவது சலுகையும் அல்ல. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவின்படி, தன் பணிகளுக்குப் பயன்படுத்தும் விதிகளையும் அறிவுரைகளையும் ஒவ்வோர் அலுவலகமும் எவரும் கேட்காமலே வெளியிட்டிருக்க வேண்டும். நான் தொழில் நிமித்தம் போய்வரும் உள்ளாட்சி அலுவலகங்களுக்கு அந்தச் சட்டத்தின்கீழ் உரிம ஆவணங்களின் பட்டியலையும் ஒவ்வொன்றுக்குமான விதி எண்ணையும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். 30 நாள் கெடுவுக்குள் வரும் பதில்களைத் தங்கள் பார்வைக்கு அனுப்பிவைக்கிறேன். பதில் வராத அலுவலகங்களின் விவரத்தையும் அவற்றோடு சேர்த்தே அனுப்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வரி, உரிம ஆலோசகர் ஒருவர்,
கும்பகோணம்.