அஞ்சாம் மாச ஸ்கேனுக்கும் ஒரு கெடு வையுங்கள்: சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தங்கைக்கு அஞ்சாம் மாச ஸ்கேன் தாமதமானதைப் பற்றி நாங்கள் கொடுத்த மனுவுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பதில் போட்டதற்கு நன்றி. 'கர்ப்பிணிக்கு விதிப்படி ஸ்கேன் எடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரே வரி. மனுவும் ரிப்போர்ட்டுகளும் உங்கள் கோப்பிலேயே இருப்பதால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. அந்த வரியில் விட்டுப்போன வாரக் கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அஞ்சாம் மாச ஸ்கேனை 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது உங்கள் டாக்டர்களே சொல்வதுதான். என் தங்கைக்கு எடுத்தது 24ஆம் வாரம் முடியும்போது. அவளுடைய அட்டையில் முதலில் எழுதிய தேதியை அடித்து, மேலே இன்னொரு தேதி. அதையும் அடித்து, ஓரத்தில் பச்சை மையில் மூன்றாவது. காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்கேன் எடுக்கிற டாக்டர் ஒரே ஒருவர், அவரையும் பாதி நாள் வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது' என்ற பலகை மட்டும் பளபளவென்று தொங்கியது. கதவில் பூட்டு. "எதையுமே சொல்லாத ரூமுக்கு இந்த போர்டு எதுக்கு?" என்று பக்கத்தில் நின்ற ஒரு அக்கா கேட்டார். வரிசையே சிரித்தது.

ஸ்கேனில் குழந்தைக்குத் தண்டுவடப் பிளவு, அதாவது முதுகில் தண்டுவடம் சரியாக மூடாமல் திறந்து கிடக்கும் குறை, என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மறுபடி ஸ்கேனுக்கு ஒரு தேதி, எம்ஆர்ஐக்கு ஒரு தேதி. கருவிலுள்ள சிசுவுக்கான சிறப்பு மருத்துவர் முன்னால் ஒருவழியாக உட்கார்ந்தபோது 27ஆம் வாரம் நடந்துகொண்டிருந்தது. அவர் ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் இருந்த வாரத்தை முதலில் பார்த்தார். அதற்கப்புறம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. "வயித்துக்குள்ளேயே இதை மூடுற ஆபரேஷன் இருக்கும்மா. ஆனா 26 வாரத்துக்குள்ள செய்யணும். இனிமே அதைப் பத்திப் பேசிப் பிரயோஜனமில்லை" என்றார். "அப்ப நாங்க எப்ப சார் வந்திருக்கணும்?" என்று தங்கை கேட்டாள். பாவம், அவர் என்ன சொல்வார்? அது உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இது ஏதோ நேற்று வந்த புது வித்தையும் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர், சிறுநீர்ப் பாதை அடைத்திருந்த ஒரு சிசுவுக்குத் தாயின் கருப்பையைத் திறந்து ஆபரேஷன் செய்தது 1981இல். தண்டுவடப் பிளவுக்கு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. பிறந்த பிறகு மூடிய குழந்தைகளில் 100க்கு 82 பேருக்கு, தலையில் சேரும் நீரை வடிக்க ஒரு வயதுக்குள் டியூப் வைக்க வேண்டியிருந்தது. வயிற்றுக்குள்ளேயே மூடியவர்களில் அது 40. இரண்டரை வயதில் பிடிமானம் இல்லாமல் நடந்தவர்கள் முதல் பிரிவில் 100க்கு 21, இரண்டாவதில் 42. திறந்து கிடக்கும் நரம்பைப் பனிக்குட நீர் வாரத்துக்கு வாரம் அரித்துக்கொண்டே போகிறது, அதனால்தான் இந்த அவசரம் என்கிறார்கள். ஆபத்தும் உண்டு: குறைப்பிரசவம் ஆகலாம், கருப்பையில் தழும்பு பலவீனமாகலாம், எல்லோருக்கும் பொருந்தாது. எங்களுக்கு அது பொருந்தியிருக்குமா என்று நான் சொல்ல முடியாது. ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கான வாரங்களைத்தான் உங்கள் வரிசை தின்றுவிட்டது.

நாங்கள் கேட்பது இதுதான்: 20 வாரத்துக்குள் ஸ்கேன். குறை தெரிந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவர். இரண்டையும் எழுத்தில், கெடுவோடு.

கெடு வைக்கத் தெரியாத துறையா உங்களுடையது? மகப்பேறு உதவித்தொகைக்கு 12 வாரத்துக்குள் பிக்மியில், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு இணையதளத்தில், பதிந்தாக வேண்டும் என்று எங்களுக்குக் கெடு. ஊர் நர்ஸம்மா வீடு தேடி வந்து ஞாபகப்படுத்தினார், அவருக்கு நன்றி. 24 வாரம் தாண்டிய கர்ப்பத்தைக் குழந்தையின் கடுமையான குறைபாட்டுக்காகக் கலைக்க விண்ணப்பித்தால், மருத்துவ வாரியம் 3 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2021 விதிகளில் இருக்கிறது. அந்த உரிமை இருக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கலைப்பதற்கு நாள் குறிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, சிகிச்சைக்கு மட்டும் ஏன் நாள் குறிக்கத் தெரியவில்லை?

இன்னொன்றும் வாயில் வருகிறது. கர்ப்பம் பதிந்ததும், இந்தப் பிளவைத் தடுக்க உதவும் போலிக் அமில மாத்திரை தருகிறீர்கள். ஆனால் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாற வேண்டிய குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அந்த 28 நாளில் தாங்கள் கர்ப்பம் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணமான பெண்களுக்கு முன்கூட்டியே கொடுங்கள் என்று எந்த டாக்டரும் சொல்வார். அப்புறம் காப்பீட்டு கவுன்டர். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. "பேஷன்ட் பேர் என்ன?" என்று கேட்டார்கள். தாய்க்கு வியாதி இல்லை, வியாதி உள்ளவருக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம். கட்டிடத்துக்கு ரிப்பன் வெட்ட உடனே தேதி கிடைக்கிற ஊரில்... சரி, அது இந்தக் கடிதத்துக்கான பேச்சு இல்லை. கோபத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு கிடைத்த கவனிப்பில் குறை சொல்ல மாட்டேன். மறுநாளே முதுகை மூடினார்கள், பிறகு தலைக்கு டியூப் வைத்தார்கள், பிசியோதெரபிக்கு இன்றும் கூப்பிட்டு விடுகிறார்கள். சிறுநீர் எடுக்க ஒரு நாளில் எத்தனை முறை டியூப் விட வேண்டும், அதை எப்படிக் கொதிக்க வைக்க வேண்டும் என்று என் தங்கைக்கு இப்போது ஒரு நர்ஸ் அளவுக்குத் தெரியும். இவ்வளவு செய்ய முடிகிற உங்களால், ஒரு ஸ்கேன் டாக்டரை அவருடைய நாற்காலியில் உட்கார வைக்க முடியாதா?

மறுபடியும் அதையேதான் கேட்கிறேன். 20 வாரத்துக்குள் ஸ்கேன், அடுத்த ஒரு வாரத்துக்குள் சிறப்பு மருத்துவர். உங்கள் பகுதியில் ஆளில்லை என்றால் வெளியே எடுத்துக்கொள்ளச் சீட்டும் பணமும். இப்போது 16ஆம் வாரத்தில் இருக்கும் பெண்களின் பெயரும் போன் நம்பரும் பிக்மியில் ஏற்கனவே இருக்கின்றன. அவர்களுக்கான தேதியை இந்த வாரமே போட்டு அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்